கிழட்டு அணி கோப்பைக்குப் போட்டியிட முடியுமா? 2014-இல் சான் அன்டோனியோவும் புரூக்ளினும்

கேள்வி இதுதான்: முக்கியமான ஆட்டக்காரர்கள் எல்லாரும் 33, 35 வயதைத் தாண்டிவிட்ட ஒரு என்பிஏ (அமெரிக்கக் கூடைப்பந்து லீக்) அணி நிஜமாகவே கோப்பைக்குப் போட்டியிட முடியுமா, இல்லை கலைத்துவிட்டு இளைஞர்களை வைத்து முதலிலிருந்து தொடங்குவதுதான் புத்திசாலித்தனமா?

முதல் பாதிக்குப் பதில்: முடியும், பல முறை நடந்திருக்கிறது. 1998 சிகாகோ, 2011 டாலஸ், 2014 சான் அன்டோனியோ, 2022 கோல்டன் ஸ்டேட். ஆனால் இந்த நாலு பெயரைச் சொல்லி வாதத்தை முடித்துவிடுபவர்கள், அதே நம்பிக்கையில் பணத்தைக் கொட்டி மண்ணைக் கவ்விய அணிகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. 2013 லேக்கர்ஸ், 2014 புரூக்ளின், 2022 லேக்கர்ஸ் என்று அந்தப் பட்டியலும் நீளமானதுதான். இரண்டு பட்டியலிலும் வயதான நட்சத்திரங்கள்தான் இருப்பார்கள். அதனால் அணியின் சராசரி வயதைக் கணக்குப் போட்டுப் பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வயதானவர்கள் எந்த வேலையைக் கையில் வைத்திருக்கிறார்கள், எதை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டார்கள் என்பதை மட்டும் பார்த்தால் போதும்.

இதை விளக்க 2013-14 சீசனைவிட நல்ல உதாரணம் கிடையாது. அந்த ஒரே வருடத்தில் இரண்டு வயதான அணிகள் கோப்பைக்குக் குறி வைத்தன. புரூக்ளினில் கெவின் கார்னெட்டுக்கு 37, பால் பியர்ஸுக்கு 36, ஜேசன் டெர்ரிக்கும் 36. சான் அன்டோனியோவில் டிம் டங்கனுக்கு 37 (கோப்பையை முடிவு செய்யும் பிளேஆஃப் சுற்றுகள் நடக்கும்போதே 38 ஆனது), மனு ஜினோபிலிக்கு 36, டோனி பார்க்கருக்கு 31. இரண்டு அணிகளும் அந்த பிளேஆஃபில் மயாமியைச் சந்தித்தன. ஏழு ஆட்டத் தொடரில் புரூக்ளின் 4-1 என்று தோற்றது. சான் அன்டோனியோ 4-1 என்று ஜெயித்துக் கோப்பையைத் தூக்கியது.

வயதானால் கூடைப்பந்தில் முதலில் எது போகிறது? ஷாட் போடும் கை போகாது. பாஸ் போடும் கண் போகாது, சொல்லப்போனால் கூர்மையாகும். முதலில் போவது பக்கவாட்டில் நகரும் வேகம். எதிராளி பந்தோடு வலப்பக்கம் வெட்டும்போது கூடவே இரண்டு எட்டு சறுக்கி வழியை மறிக்க வேண்டுமே, அந்த இரண்டு எட்டு. அடுத்து, நம் ஷாட் தவறியதும் திரும்பி ஓடி வந்து நிற்கும் ஓட்டம். மூன்றாவதுதான் ரொம்ப மோசமானது: நேற்றிரவு 36 நிமிடம் ஆடிய உடம்பு இன்றிரவு மறுபடி ஆட்டத்துக்குத் தயாராவது. கிரிக்கெட்டில் வயதானவரை ஸ்லிப்பில் நிறுத்தி ஒப்பேற்றிவிடலாம். ஐந்து பேர் ஆடும் இந்தக் களத்தில் ஒளிய இடமே இல்லை. யாருடைய கால் ஓய்ந்திருக்கிறதோ, எதிரணி ஸ்கிரீன் (தடுப்பவரின் வழியில் தன் ஆளை நிறுத்தி மறிப்பது) போட்டுப் போட்டு அவரையே தேடிப் பிடித்து அடிக்கும்.

மயாமியிடம் சான் அன்டோனியோ தோற்ற 2013 ஃபைனல்ஸின் (இறுதித் தொடர்) ஆறாவது ஆட்டத்தை எல்லாரும் மயாமியின் ரே ஆலன் போட்ட அந்த மூன்று பாயிண்டுக்காக நினைவு வைத்திருக்கிறார்கள். ஆட்டம் முடிய 5.2 வினாடி இருக்கும்போது மூலையிலிருந்து அடித்துச் சமன் செய்தாரே, அது. நான் அந்த ஆட்டத்தில் வேறொன்றைக் காட்டுவேன். டங்கன் அன்று முதல் பாதியில் மட்டும் 25 பாயிண்ட் எடுத்தார். இருபத்தைந்து வயதுப் பையன் போல ஆடினார், மயாமியிடம் அவரை நிறுத்த ஆளே இல்லை. மூன்றாவது குவார்ட்டரில் 5. நான்காவது குவார்ட்டரிலும் கூடுதல் நேரத்திலும் சேர்த்துப் பூஜ்யம். அன்று அவர் ஆடியது 44 நிமிடம், வயது 37. திறமை எங்கும் போய்விடவில்லை, கால்தான் ஒத்துழைக்கவில்லை. ஏழாவது ஆட்டத்தின் கடைசி நிமிடத்தில், சமன் செய்யக் கிடைத்த வாய்ப்பில், வளையத்துக்கு அருகிலேயே அவர் தவறவிட்டதும் என் கணக்கில் இதன் தொடர்ச்சிதான். துரதிர்ஷ்டம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

பயிற்சியாளர் கிரெக் பாப்பொவிச் இந்தக் கணக்கை முன்பே போட ஆரம்பித்திருந்தார். 2011-இல் 61 வெற்றியோடு மேற்குப் பிரிவில் முதலிடத்தில் முடித்த அணி, எட்டாம் இடத்து மெம்ஃபிஸிடம் முதல் சுற்றிலேயே 4-2 என்று தோற்றது. அதோடு இவர்கள் கதை முடிந்தது என்று எழுதாத பத்திரிகை இல்லை. 2012 மார்ச்சில் ஃபிலடெல்ஃபியா ஆட்டத்தில் டங்கனுக்கு ஓய்வு கொடுத்தபோது, ஸ்கோர் அட்டையில் 'ஏன் ஆடவில்லை' என்ற இடத்தில் காயம் என்று போடாமல் 'வயதாகிவிட்டது' என்றே போட்டார்கள்! அதே வருடம் நவம்பரில் மயாமிக்குப் போய், தேசிய டிவியில் வரவேண்டிய ஆட்டத்துக்கு முன் டங்கன், பார்க்கர், ஜினோபிலி, டேனி கிரீன் நாலு பேரையும் விமானம் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார் பாப்பொவிச். லீக் கமிஷனர் டேவிட் ஸ்டெர்ன் கொதித்துப்போய் 2,50,000 டாலர் அபராதம் போட்டார். ஆட்டத்தை மிச்சம் இருந்தவர்கள் 105-100 வரை இழுத்துச் சென்று தோற்றார்கள் என்பது இன்னும் வேடிக்கை.

2013-14-இல் இந்த வைத்தியம் முழு வடிவத்துக்கு வந்தது. அந்த சீசன் முழுக்க அந்த அணியில் ஒருவர்கூடச் சராசரியாக 30 நிமிடம் ஆடவில்லை. என்பிஏ வரலாற்றில் அதற்கு முன் அப்படி ஒரு அணி இருந்ததில்லை. அப்படி ஆடியும் 62 வெற்றி, லீகிலேயே அதிகம். ஓய்வு கொடுத்தால் ஆட்டங்கள் கைவிட்டுப் போகும் என்ற பேச்சு அதோடு அடிபட்டுப் போனது.

ஓய்வு மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. 48 நிமிட ஆட்டத்தில் கிழவர்களுக்கு 28 நிமிடம் என்றால் மிச்சம் 20 நிமிடத்தை யாராவது ஆடியாக வேண்டுமே. அங்கேதான் இந்த அணியின் சாமர்த்தியம். 2011 டிராஃப்ட் (அணிகள் புது இளைஞர்களை வரிசைப்படி தேர்ந்தெடுப்பது) இரவில், நல்ல ஃபார்மில் இருந்த ஜார்ஜ் ஹில்லை இண்டியானாவுக்குக் கொடுத்துவிட்டு, 15-ஆவதாக எடுக்கப்பட்ட கவாய் லெனர்ட் என்ற பையனை வாங்கினார்கள். கிளீவ்லாந்து வேண்டாம் என்று விட்ட டேனி கிரீனை எடுத்து, தாங்களே வெளியே அனுப்பி, மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். சார்லட் காசு கொடுத்துக் கழற்றிவிட்ட போரிஸ் டியாவைச் சேர்த்தார்கள். ஆஸ்திரேலியாக்காரர் பேட்டி மில்ஸ் சீனாவில் ஆடிவிட்டு வந்தவர். பெரிய பெயர் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் மயாமியின் நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸை யார் தடுப்பது என்று கேள்வி வந்தபோது, அதற்கு 22 வயதில் நீளமான கையோடு ஒருவன் இருந்தான். 2014 ஃபைனல்ஸின் முதல் இரண்டு ஆட்டத்தில் லெனர்ட் ஒன்பது ஒன்பது பாயிண்ட்தான் எடுத்தான். அடுத்த மூன்றில் 29, 20, 22. தொடரின் சிறந்த ஆட்டக்காரர் விருதும் அவனுக்கே போனது. அந்தப் படத்தில் பக்கத்தில் நிற்கும் டங்கன் முகத்தைப் பாருங்கள், பொறாமையின் சாயலே இருக்காது.

பொறாமை என்று சும்மா சொல்லவில்லை. வயதான அணிகள் உடைவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். பதினைந்து வருடம் 'என் அணி' என்று ஆடியவர், கடைசி ஐந்து நிமிடத்தில் பந்தை 22 வயதுப் பையனிடம் கொடுக்க வேண்டும். சம்பளத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டும். டங்கன் 2011-12-இல் 2 கோடி டாலருக்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தார். அடுத்த ஒப்பந்தத்தில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அந்த மிச்சத்தில்தான் மேலே சொன்ன ஆட்களை வைத்துக்கொள்ள முடிந்தது. உடம்பிலும் எடையைக் குறைத்தார், முழங்காலுக்குச் சுமை குறையட்டும் என்று. 2012-13-இல் 37 வயதை நெருங்கிக்கொண்டே லீகின் அந்த சீசன் சிறந்த ஐவர் பட்டியலில் இடம் பிடித்தார். டிஃபென்ஸில் அவரைக் கவனித்தால் தெரியும்: குதிக்கவே மாட்டார். பந்தோடு வருபவன் ஸ்கிரீனைச் சுற்றி வருவதற்கு முன்பே வளையத்துக்கு முன்னால் இரண்டு எட்டு பின்வாங்கி, கையை விரித்து, தரையில் கால் பதித்து நிற்பார். வருபவன்தான் குழம்பி, எட்டாத தூரத்திலிருந்து அரைகுறை ஷாட் போடுவான். கால் செய்ய வேண்டிய வேலையை நின்ற இடம் செய்துவிடும்.

இப்போது புரூக்ளினைப் பாருங்கள். ரஷ்யக் கோடீஸ்வரர் மிகைல் புரோகரோவ் உடனே கோப்பை வேண்டும் என்றார். பாஸ்டனிலிருந்து கார்னெட், பியர்ஸ், டெர்ரியை ஒரே மூட்டையாக வாங்கினார்கள். விலை: 2014, 2016, 2018 முதல் சுற்று டிராஃப்ட் உரிமை, 2017-இல் பாஸ்டன் தன் டிராஃப்ட் இடத்தை இவர்களோடு மாற்றிக்கொள்ளும் உரிமை. சம்பள வரம்பைத் தாண்டியதற்கான ஆடம்பர வரி மட்டும் 9 கோடி டாலர் தாண்டியது. ஏற்கனவே இருந்த டெரான் வில்லியம்ஸ், ஜோ ஜான்சன் இருவரும் 30 பக்கம். இளசாக இருந்த ஒரே பெரிய ஆள் புரூக் லோபஸ், 17 ஆட்டத்தோடு பாதம் உடைந்து சீசனுக்கே வெளியே போனார். ஓடுவதற்கு ஆளே இல்லை. பயிற்சியாளர் நாற்காலியில் ஜேசன் கிட், போன சீசன் வரை ஆடிக்கொண்டிருந்தவர், பயிற்சியில் முதல் வருடம். டைம் அவுட் மிச்சம் இல்லாதபோது ஆட்டத்தை நிறுத்த வேண்டுமென்றே பானத்தைக் களத்தில் கொட்ட வைத்து 50,000 டாலர் அபராதம் கட்டியவர் அவர்தான். சீசனின் தொடக்கத்தில் 10 வெற்றி, 21 தோல்வி. பிறகு ஓரளவு சுதாரித்து 44 வெற்றிக்கு வந்தார்கள். லீக் ஆட்டங்களில் மயாமியை நாலுக்கு நாலு ஜெயித்துங்கூட இருந்தார்கள்! பிளேஆஃபில் டொராண்டோவோடு ஏழு ஆட்டம் வரை போராடி மூச்சு வாங்க வந்தவர்களை அதே மயாமி ஐந்தே ஆட்டத்தில் அனுப்பிவைத்தது. கார்னெட் அந்த சீசனில் ஆட்டத்துக்கு 20 நிமிடமும் 6.5 பாயிண்டும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த வயதில் அவ்வளவுதான் வரும், வாங்கியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த ஃபைனல்ஸில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. 'கிழட்டு அணி' பட்டம் சான் அன்டோனியோவுக்குக் கிடைத்ததே தவிர, எதிரே நின்ற மயாமியின் வரிசையைப் பாருங்கள்: ரே ஆலன் 38, ஷேன் பேட்டியர் 35, கிறிஸ் ஆண்டர்சன் 35, ரஷார்ட் லூயிஸ் 34, டுவேன் வேட் 32, அதுவும் தேய்ந்த முழங்காலோடு. முந்தைய மூன்று வருடமும் ஃபைனல்ஸ் வரை போன அணி. லெப்ரான் சராசரியாக 28 பாயிண்ட் எடுத்தும் ஒன்றும் பலிக்கவில்லை. மூன்றாவது ஆட்டத்தில் சான் அன்டோனியோ முதல் பாதியிலேயே 71 பாயிண்ட் குவித்தது. பந்து ஒரு கையில் ஒரு வினாடிக்கு மேல் தங்கவில்லை. மயாமிக்காரர்கள் ஒவ்வொரு பாஸுக்கும் அரை எட்டு தாமதமாக வந்து சேர்ந்தார்கள். பேட்டியர் அந்தத் தொடரோடு ஓய்வு பெற்றார். ஆலன் அதற்குப் பிறகு ஆடவேயில்லை.

சான் அன்டோனியோ எளிதாக வந்தது என்று நினைக்க வேண்டாம். முதல் சுற்றிலேயே எட்டாம் இடத்து டாலஸ் அவர்களை ஏழாவது ஆட்டம் வரை இழுத்தது. அதில் ஒரு ஆட்டத்தைக் கடைசி நொடி ஷாட்டில் முடித்துவைத்த வின்ஸ் கார்ட்டருக்கும் அப்போது 37 வயது.

டாலஸ் என்றதும் என் வாதம் கொஞ்சம் இடிக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். 2011-இல் கோப்பை வென்ற அந்த அணியில் டிர்க் நொவிட்ஸ்கி 32, ஜேசன் கிட் 38, டெர்ரி 33, ஷான் மேரியன் 33. ஃபைனல்ஸில் மயாமியின் லெப்ரானைத் தடுக்கும் வேலை மேரியனுக்குத்தான். இளங்கால் என்று பார்த்தால் 28 வயது டைசன் சாண்ட்லரும், 26 வயது பரியாவும். அவ்வளவுதான். அவர்கள் அதை எப்படிச் சமாளித்தார்கள் என்றால், அடிக்கடி ஸோன் டிஃபென்ஸுக்கு மாறினார்கள். ஆளைத் துரத்தாமல் இடத்தைக் காத்தார்கள். உள்ளே வந்தால் சாண்ட்லர் நிற்கிறார். நான்காவது ஆட்டத்தில் லெப்ரான் எடுத்தது மொத்தமே 8 பாயிண்ட். ஆக வளையத்தைக் காக்கும் ஒரே ஒரு நல்ல சென்டரும் ஒரு தந்திரமும் இருந்தால் மற்ற இடங்களில் வயதை மறைக்கலாம். மறைக்கலாம், அதுவும் ஒரு வருடத்துக்கு. அடுத்த சீசனுக்குச் சாண்ட்லரை வைத்துக்கொள்ளவில்லை. முதல் சுற்றிலேயே 4-0 என்று வெளியேறினார்கள்.

இன்றைக்கு இதெல்லாம் எடுபடுமா? முன்பைவிடக் கடினம் என்றுதான் சொல்வேன். 2013-14-இல் ஒரு அணி ஆட்டத்துக்குச் சுமார் 21 மூன்று பாயிண்ட் ஷாட் முயற்சித்தது. 2024-25-இல் அது 37-ஐத் தாண்டிவிட்டது. டிஃபென்ஸ் ஆடுபவர் வளையத்திலிருந்து மூன்று பாயிண்ட் கோடு வரை ஓயாமல் ஓடி வர வேண்டும். டங்கன் போல வளையத்துக்கு முன்னால் நின்று காப்பதற்குக் கிடைக்கும் தருணங்களே குறைந்துவிட்டன. பாப்பொவிச்சின் ஓய்வு வைத்தியத்துக்கும் லீக் கடிவாளம் போட்டுவிட்டது. 2023-இல் வந்த விதிப்படி ஒரே ஆட்டத்தில் இரண்டு நட்சத்திரங்களுக்குச் சேர்த்து ஓய்வு கொடுக்கக் கூடாது. சீசன் தொடங்கும்போது 35 வயதானவர்களுக்கு, அடுத்தடுத்த இரவுகளில் ஆட்டம் வந்தால், முன் அனுமதி வாங்கி ஒன்றை விட்டுவிடும் சலுகை மட்டும் உண்டு. சம்பள வரம்பை ரொம்பத் தாண்டிய அணிகள், வேறு அணி கழற்றிவிட்ட விலையுயர்ந்த ஆட்களைச் சீசன் நடுவில் எடுப்பதற்கும் தடை வந்துவிட்டது. டியாவைப் பிடித்தது போல இனி எல்லாராலும் பிடிக்க முடியாது.

2025 பிளேஆஃபில் இரண்டு காட்சி. ஏப்ரல் 27, மினசோட்டாவில் லேக்கர்ஸ். பயிற்சியாளர் ஜேஜே ரெடிக் இரண்டாம் பாதி முழுவதும், 24 நிமிடமும், ஒரு ஆளைக்கூட மாற்றாமல் அதே ஐந்து பேரை ஆட வைத்தார். அதில் ஒருவர் 40 வயது லெப்ரான். மூன்றாவது குவார்ட்டர் முடிவில் 94-84 என்று முன்னிலை. முடிவில் 116-113 என்று தோல்வி. கடைசி குவார்ட்டரில் லெப்ரான் ஒரு பாயிண்ட்கூட எடுக்கவில்லை. 2013-இல் டங்கனுக்கு நடந்ததேதான், ஆளும் ஊரும் வேறு. பெஞ்சில் நம்பி இறக்க ஆள் இல்லாத அணியின் நோய் அது.

அடுத்தது கோல்டன் ஸ்டேட். ஸ்டெஃப் கரி 37, ஜிம்மி பட்லர் 35, டிரேமண்ட் கிரீன் 35. ஹூஸ்டனின் இளைஞர்களை ஏழாவது ஆட்டத்தில் வென்றது மே 4. மினசோட்டாவில் அடுத்த சுற்றின் முதல் ஆட்டம் மே 6. இரண்டாவது குவார்ட்டரில் கரியின் இடது பின்தொடைத் தசை பிடித்துக்கொண்டது. அந்த ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தார்கள், அடுத்த நாலையும் வரிசையாகத் தோற்றார்கள். காயம் அதிர்ஷ்டத்தின் வேலை என்பார்கள். ஏழு ஆட்டத் தொடருக்கும் அடுத்த தொடருக்கும் நடுவே ஒரே ஒரு நாள் இடைவெளி, 37 வயதுத் தசை; இதில் அதிர்ஷ்டத்தைவிடக் கணக்குதான் அதிகம். வயதான அணி தொடரை ஐந்து ஆட்டத்துக்குள் முடிக்கப் பழக வேண்டும். 2022-இல் இதே அணி கோப்பை வென்றபோது முதல் சுற்றையும் மேற்குப் பிரிவின் கடைசிச் சுற்றையும் ஐந்தே ஆட்டத்தில் முடித்திருந்தது. அப்போது ஓடுவதற்கு 27 வயது ஆண்ட்ரூ விகின்ஸும் 26 வயது கெவான் லூனியும் இருந்தார்கள்.

ஆகவே ஒரு அணியைப் பார்த்து நான் கேட்பது இவ்வளவுதான். எதிரணியின் ஆபத்தான பந்துக்காரனை யார் தடுக்கிறார்கள், அவருக்கு என்ன வயது? பெஞ்சிலிருந்து முதலில் வரும் மூன்று பேர் 28-க்குக் கீழா? பெரிய நட்சத்திரம் ஜனவரியில் எத்தனை நிமிடம் ஆடுகிறார்? 36, 37 என்று இருந்தால் எனக்கு அந்த அணி மேல் நம்பிக்கை போய்விடும், அது எத்தனை ஆட்டம் ஜெயித்திருந்தாலும். லீக் வெற்றி எண்ணிக்கையை நம்பாதீர்கள். டங்கனின் கடைசி சீசனான 2015-16-இல் அந்த அணி 67 வெற்றி பெற்றது, சொந்த ஊரில் 40-1. இரண்டாவது சுற்றில் ஓக்லஹோமா சிட்டியின் இளம் உயரக்காரர்கள் 4-2 என்று முடித்துவிட்டார்கள்.

கேள்வியின் இரண்டாம் பாதி, கலைப்பதா வேண்டாமா என்பது. இன்னும் லீகின் முதல் பத்துப் பதினைந்து பேரில் ஒருவராக ஆடும் நட்சத்திரம் கையில் இருந்தால் நான் கலைக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஒருவர் டிராஃப்டில் மறுபடி எப்போது கிடைப்பார் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் ஓய்வு பெற்ற பிறகு வரும் வருடங்களின் டிராஃப்ட் உரிமையை, இன்னொரு 35 வயதுக்காரருக்காக விற்கவும் மாட்டேன். டாலஸ் 2011-க்குப் பிறகு ஒரு பிளேஆஃப் தொடரை ஜெயிக்க 2022 வரை ஆனது. பதினோரு வருடம், ஆனால் கோப்பை கையில் இருந்தது. புரூக்ளின் கொடுத்த விலைக்கு ஒரே ஒரு சுற்று வெற்றிதான் கிடைத்தது. 2015-16-இல் 21 ஆட்டம் மட்டுமே ஜெயித்தார்கள், அந்தத் தோல்விகளால் கிடைத்த நல்ல டிராஃப்ட் இடமும் பாஸ்டனுக்குப் போனது. பாஸ்டன் அதில் ஜேலன் பிரவுனை எடுத்தது. அடுத்த வருட உரிமை வழியாக ஜேசன் டேட்டம் வந்தார். 2024-இல் அந்த இருவரை வைத்துத்தான் பாஸ்டன் கோப்பை வென்றது, ஃபைனல்ஸின் சிறந்த ஆட்டக்காரர் விருது பிரவுனுக்கு.